தாது வருஷத்துக் கூலி

கடற்கரைப் பக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குள் வருகிறவர்கள் பக்கிங்காம் கால்வாயைக் கடந்துதான் வரவேண்டும். மேலே பறக்கும் ரயிலின் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. கீழே கழிவுநீர் கறுத்துத் தேங்கிக் கிடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விரைந்து கடப்பதே எல்லாருக்கும் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படியே கடந்தவன். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்த 8 கிலோமீட்டர்ப் பகுதியை வெட்டியவர்கள் யார், அக்காலத்தில் இத்தகைய வேலைக்குக் கூலி எப்படி அளக்கப்பட்டது என்பதைப் படித்தறிந்த பின்னரே, பாலத்தின்மேல் ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது.

வெட்டியவர்கள், 1877, 1878 ஆம் ஆண்டுகளில் பஞ்சத்தில் அடிபட்டு நிவாரண வேலைக்கு வந்த ஏழை மக்கள். அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு. கால்வாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களின் பெயரை யாரும் கல்லில் பொறித்து வைக்கவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சோறு போதும் என்ற கணக்கு மட்டும் அரசாங்க ஏடுகளில் பவுண்டு, அவுன்சு என்று நுட்பமாகப் பதிவாகியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! இக்காலத்தில் உலக நாடுகள் ஆண்டுதோறும் கூடிப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஆராய்கின்றன. அம்மாநாடுகளில் மூன்று வினாக்கள் அடிக்கடி எழும். வானத்தின் கொடுமையால் வாழ்விழந்தவனுக்கு உதவி பெறும் உரிமை உண்டா என்பது ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் அவ்வுதவி நேர்மையாக அளக்கப்படுகிறதா என்பது மற்றொன்று. அதற்கான பணத்தை யார் கொடுப்பது, எந்த வகையில் கொடுப்பது என்பது மூன்றாவது. இம்மூன்றும் நம் மாகாணத்திலே ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன், ஒரு பவுண்டு தானியத்தை நடுவே வைத்துக்கொண்டு கடுமையாக வாதிடப்பட்டவை. அந்த வாதத்தின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

1876 ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அவ்வாண்டு தக்காணத்தில் தென்மேற்குப் பருவமழை குன்றியது. ஐப்பசி கார்த்திகையில் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் சென்னை மாகாணத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஆனி ஆடியிலும் வானம் இரங்கவில்லை. சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளில் ஏறக்குறைய 5 கோடியே 85 லட்சம் மக்கள் பஞ்சத்தின் பிடியில் அகப்பட்டனர். மாண்டவர் தொகையை 56 லட்சம் என்பாரும் உளர். 96 லட்சம் வரை உயர்த்திச் சொல்வாரும் உளர். 1871 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் 1881 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் ஒப்பிட்டால், சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதைக் காணலாம். குறைந்தவர் அனைவரும் மாண்டவர் அல்லர். இலங்கைத் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தவர்களும் அக்கணக்கில் அடங்குவர். தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் பாட்டிமார் பேச்சிலும் கும்மிப் பாட்டுகளிலும் நெடுங்காலம் நின்றது.

மழை ஏன் பொய்த்தது? இந்திய வானிலைத் துறை 1875 இல்தான் நிறுவப்பட்டிருந்தது. அதன் தலைமையில் இருந்த ஹென்றி பிளான்போர்டு, இந்தப் பஞ்ச ஆண்டுகளில் காற்றின் அழுத்தம் இந்தியாவுக்கு அப்பாலும் வழக்கத்துக்கு மேல் உயர்ந்திருந்ததைக் கண்டு வியந்தார். அதே ஆண்டுகளில் வடசீனத்திலும், பிரேசில் நாட்டின் வடகிழக்கிலும் மழையின்றி மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு அளவுக்கு மீறிச் சூடேறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சி அப்போது மிக வலுவாக இருந்தது என்பதைப் பிற்கால அறிவியலார் கண்டறிந்துள்ளனர். ஆகவே வெள்ளைக்கார ஆட்சியாளர் மழையைத் தடுத்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. இதை ஒப்புக்கொண்டே மேலே செல்லவேண்டும். மழை பொய்த்த பின்னர் நடந்தவை மட்டும் மனிதர் கையில் இருந்தவை.

அவற்றுள் முதலாவது தானியம். பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான கோதுமை ஏறத்தாழ 3,20,000 டன். வாணிகத்தில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது அன்றைய வைசிராய் லிட்டன் பிரபுவின் உறுதியான கொள்கை. சென்னை அரசாங்கம் 1876 இன் இறுதியில் ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக மறைவாக 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தபோது, மேலிடம் அதைக் கண்டித்தது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் டெல்லியில் பெருஞ்சிறப்போடு நடந்தது. பக்கிங்காம் பிரபுவும் அதற்குச் சென்றிருந்தார். இதைப்பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

தர்பார் முடிந்த அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச ஆய்வுத் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். இவரைக் கல்நெஞ்சர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் இவருடைய முன்வரலாறு நம்மைச் சற்றே தயங்கச் செய்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1873, 74 இல் பீகாரில் மழை பொய்த்தபோது, வங்காள ஆட்சியில் முதன்மைப் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். அப்போது பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4,50,000 டன் அரிசி வரவழைக்கப்பட்டது. பட்டினியால் மாண்டவர் மிகச் சிலரே. இதற்காக டெம்பிளைப் பாராட்டியிருக்க வேண்டும் அன்றோ? இங்கிலாந்தில் அவர் மீது எழுந்த குற்றச்சாட்டு, ஊதாரித்தனமாகப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்பது. உயிர்களைக் காத்ததற்காகப் பழி சுமந்த ஒருவர், அடுத்த பஞ்சத்துக்கு வரும்போது எந்த மனநிலையோடு வருவார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இயன்றவரை குறைந்த செலவு என்ற ஒரே கருத்துக்கு மற்ற எல்லாவற்றையும் உட்படுத்தவேண்டும் என்பதே சென்னையில் அவர் கைக்கொண்ட நெறி. நிவாரண வேலைத்தலங்களில் பெயர் பதிந்தவர்களின் தகுதியைக் கடுமையாகச் சோதித்தார். நாள் முழுதும் மண் வெட்டுகிற ஆண்மகன் ஒருவனுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் வாங்கும் விலையும், அதற்கு மேல் ஒரு சிறு சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். வரலாற்றில் இது டெம்பிள் கூலி என்றே பெயர் பெற்றுவிட்டது. இதற்கு மேல் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி, அரசாங்கத்தை அண்டிப் பிழைக்கப் பழகிவிடுவார்கள் என்பது அன்று ஆட்சியாளரிடையே பரவலாக நிலவிய நம்பிக்கை.

இந்தக் கணக்கை எதிர்த்து நின்றவர், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இவர் அரசாங்க ஊழியர், ஆங்கிலேயர். 1863 லேயே இம்மாகாண மக்களின் உணவையும், சிறைக் கைதிகளின் உணவையும் ஆராய்ந்து எழுதியவர். கடும் உடலுழைப்புச் செய்கிற ஒருவனுக்கு ஒன்றரைப் பவுண்டுத் தானியமேனும் வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிடில் அவன் வேலைத்தலத்திலேயே உருகி மாள்வான் என்று அவர் வாதிட்டார். டெம்பிளின் கணக்கு கருவூலத்திலிருந்து தொடங்கியது: இவ்வளவு பணம் இருக்கிறது, இத்தனை பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? கார்னிஷின் கணக்கு உடலிலிருந்து தொடங்கியது: இவ்வளவு வேலை செய்தால் இவ்வளவு சதை தேயும், அதை ஈடுசெய்ய எவ்வளவு வேண்டும்? இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. 1877 மார்ச்சு மாதத்தில் சென்னை அரசாங்கம் கார்னிஷின் பக்கம் பாதி தூரம் நகர்ந்து, ஒன்றேகால் பவுண்டுத் தானியமும் ஒன்றரை அவுன்சுப் பருப்பும் தர இசைந்தது. அந்தக் கால் பவுண்டு எத்தனை உயிரைக் காத்தது என்று யாரால் எண்ணிச் சொல்ல முடியும்?

ஆணுக்கு ஒரு பவுண்டு என்றேன். பெண்ணுக்கும், வேலை செய்யும் சிறுவருக்கும் இதனினும் சற்றுக் குறைவு.

வேலைத்தலத்தில் ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடையில் மண்ணை வாரிச் சுமந்து கரைமேல் கொட்டுவார்கள். வெட்டுகிறவன் ஓரிடத்தில் நிற்கிறான். சுமக்கிறவள் நாள் முழுதும் ஏறி இறங்குகிறாள். எது கடினம் என்பதை நான் தீர்ப்பளிக்க வரவில்லை. ஆனால் அந்தப் பெண் அந்தி சாய்ந்து திரும்பிய பிறகு, தண்ணீர் தேடவேண்டும், சுள்ளி பொறுக்கவேண்டும், கூலியாகக் கிடைத்த தானியத்தைக் குத்திக் கஞ்சியாக்கவேண்டும், இடுப்பில் பிள்ளை இருந்தால் அதற்குப் பாலும் கொடுக்கவேண்டும். இவை எந்த வேலைப் பட்டியலிலும் ஏறவில்லை. பெண்ணின் உடல் சிறிது, ஆகவே வயிறும் சிறிது என்று எண்ணிய ஆட்சியாளர்கள், கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றும் நம் கட்டடத் தொழிலில் கல்லும் கலவையும் சுமக்கிற பெண்ணைச் சித்தாள் என்கிறோம். சிறிய ஆள் என்பது சொல்லின் பொருள். அவளுக்கு நாற்பது வயது ஆகியிருக்கலாம், மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கலாம், அவள் சித்தாள்தான். கூலியும் அச்சொல்லின் அளவுக்கே வெட்டப்படுவதைப் பார்த்து வருகிறோம்.

இந்த இடத்தில் உண்மை ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தியப் பஞ்சங்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்த மக்கள்தொகை அறிஞர்கள், பல பஞ்சங்களில் பெண்களைவிட ஆண்களே அதிக விகிதத்தில் மாண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பெண்ணுடல் பட்டினியைச் சற்று அதிகமாகத் தாங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆகவே குறைந்த கூலியால் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்று நான் சொன்னால் அது பிழையாகும். அவள் தாங்கினாள் என்பதற்காக அவளுக்குக் குறைத்து அளந்தது சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

குறைந்த கூலியை எல்லாரும் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பம்பாய் மாகாணத்தில், நிவாரண வேலையாட்கள் 1877 இல் வேலையை நிறுத்தினார்கள். பட்டினி கிடக்கிறவன் வேலைநிறுத்தம் செய்வது எத்தகைய துணிவு என்று பாருங்கள்! புனா சார்வஜனிக சபை அவர்கள் சார்பில் அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் எழுதியது. கஞ்சியைக் கைநீட்டி வாங்கும் இரவலனாக அன்றி, உழைப்புக்குக் கூலி கேட்கும் மனிதனாக அவர்கள் தம்மை எண்ணினார்கள் என்பதற்கு அந்த நிகழ்ச்சி சான்று. கஞ்சி என்றதும் நினைவுக்கு வருகிறது: வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே அழைப்பார்கள். அது தாது வருஷத்துக்கும் முற்பட்ட, 1780களின் பஞ்சத்தில் தோன்றிய சத்திரத்தின் நினைவு. பஞ்சங்கள் நம் ஊர்ப் பெயர்களிலும் சொற்களிலும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். இதையே நான் இன்று மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன்.

பஞ்சத்தில் பெருஞ்செலவு ஏற்பட்டதைக் கண்ட இந்திய அரசாங்கத்தின் நிதி உறுப்பினர் சர் ஜான் ஸ்டிராச்சி, ஒரு திட்டத்தை வகுத்தார். பஞ்சம் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆகவே நல்ல ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் கூடுதலாகத் திரட்டிக் கடனைக் குறைத்து வைத்தால், பஞ்சம் வரும் ஆண்டில் மீண்டும் கடன் வாங்கிச் செலவிடலாம். இதற்குப் பஞ்சக் காப்புறுதி என்று பெயரிட்டார்கள். எண்ணம் குறைகூறத் தக்கதன்று, நல்ல எண்ணமே. ஆனால் அந்த ஒன்றரைக் கோடி யார் மடியிலிருந்து வந்தது?

1878 இல் தொழில் நடத்துவோர் மீது உரிம வரி விதிக்கப்பட்டது. சிறு வணிகர்களும் கைவினைஞர்களும் அதைக் கட்டினார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்களும், வழக்குரைஞர் மருத்துவர் போன்ற மேல்தொழிலாளரும் விலக்குப் பெற்றார்கள். வடநாட்டில் நிலத்தின் மீது புதிய வரி ஏற்றப்பட்டது. அதே காலத்தில் சென்னை, பம்பாய் மாகாணங்களில், மணங்குக்கு 2 ரூபாய்க்கும் குறைவாக இருந்த உப்பு வரி 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. வங்காளத்தில் அது குறைக்கப்பட்டது. பஞ்சத்தில் வெந்துபோன மாகாணங்களின் மக்கள், பஞ்சம் முடியுமுன்னரே தம் கஞ்சிக்கு இடும் உப்புக்குக் கூடுதல் வரி கட்டினார்கள். உப்பு வரிக்கு ஓர் இயல்பு உண்டு: கூலிக்காரனும் சீமானும் உண்ணும் உப்பு ஏறத்தாழ ஒரே அளவுதான், வரியும் அப்படியே.

அடுத்து நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 1878 நவம்பரில் ஆப்கானிஸ்தானத்தின் மீது போர் தொடங்கிற்று. 1879 இல் போர்ச் செலவு மலைபோல் வளர, பஞ்சக் காப்புக்கென ஒதுக்க வேண்டிய மிகுதிப் பணம் நின்றது. வரி மட்டும் நிற்கவில்லை. வருவாய் போதவில்லை என்று சொல்லப்பட்ட அதே 1879 இல், லங்காஷயர் ஆலைகளின் ஒருவகை முரட்டுத் துணிகளுக்கு இறக்குமதி வரியை லிட்டன் பிரபு, தம் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் மறுத்தும், நீக்கிவிட்டார். பஞ்சத்தின் பெயரால் வாங்கிய பணம் போரில் கரைந்தது, கொடுத்த வாக்கு முறிந்தது என்று இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் அவ்வாண்டுத் தேர்தல் மேடைகளில் இடித்துரைத்தார். அரசாங்கத்தாரின் மறுமொழி, இது தனிப் பெட்டியில் பூட்டிவைத்த நிதி அன்று, பொது வருவாயில் ஒரு பகுதியே என்பதாக இருந்தது. கணக்கியல்படி அது சரியான விடைதான். பெட்டியே இல்லாதபோது பெட்டியிலிருந்து திருடினார்கள் என்று எப்படிச் சொல்வது? 1881 முதல் அந்த ஒதுக்கீடு மீண்டும் தொடங்கி, ஒரு பகுதி நீர்ப்பாசனத்துக்கும் ஒரு பகுதி ரயில் பாதைகளுக்கும் சென்றது.

சர் ஜானின் சகோதரர் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணைக்குழு 1880 இல் அறிக்கை தந்தது. பஞ்சத்தில் முதலில் விழுகிறவன் நிலமற்ற கூலிக்காரன், வேலை நின்றுபோவதால் தானியம் இருந்தாலும் வாங்க அவன் கையில் காசு இல்லை என்ற உண்மையை அது தெளிவாகக் கண்டது. அதன் பயனாக 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகள் வெளிவந்தன. எப்போது வேலை திறப்பது, எவ்வளவு கூலி, வேலை செய்ய இயலாதார்க்கு என்ன உதவி என்பவை எழுத்தில் வந்தன. இது பெரிய முன்னேற்றம். எனினும், பஞ்சம் வந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் அரசாங்கத்திடமே இருந்தது. பசித்தவன் அதைக் கொண்டு நீதிமன்றம் ஏற முடியாது. 1943 இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டபோது, விதித்தொகுப்பின்படி பஞ்சம் என்று அறிவிக்கப்படவே இல்லை.

சுதந்திர இந்தியாவில் இக்கதை வேறு திசையில் வளர்ந்தது. 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி ஏற்பட்டு, நிவாரண வேலைகளுக்குப் பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து, வேலை கேட்பவர்க்கு வேலை தருவது அரசின் கடமை என்ற வேலை உறுதிச் சட்டத்தை அம்மாநிலம் 1977 இல் இயற்றியது. டெம்பிள் கூலிக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து. அதற்கு முந்திய ஆண்டு, ஒரே வகை வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்ற சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2005 இல் நாடு முழுமைக்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிடில் படி தரவேண்டும், வேலை பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்கவேண்டும், கூலியில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்று கூறிற்று. வேலைத்தலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதையும் அது மறக்கவில்லை. மண் கூடை அதேதான். அதைத் தூக்குகிறவளின் நிலை மாறியிருந்தது. ஒரு தேசத்துக்குள் சட்டம் இயற்றி இதைச் செய்ய முடிந்தது.

தேசங்களுக்கிடையே? தாது வருஷத்து எல் நினோவை யாரும் உண்டாக்கவில்லை என்று முன்னே சொன்னேன். இப்போதைய புவி வெப்பத்தை அப்படிச் சொல்வதற்கில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்த்த கரியமில வாயு, எந்த நாட்டில் எவ்வளவு எரிந்தது என்ற கணக்கோடு, வானத்தில் நிற்கிறது. அப்படியிருக்க, பொறுப்பைப் பற்றிய பேச்சு 1877 ஐவிட எளிதாக இருக்கவேண்டும். இருக்கவில்லை.

1991 இல் பசிபிக் கடலின் சிறு தீவு நாடான வனுவாட்டு, மற்றச் சிறு தீவுகளின் சார்பில் ஒரு யோசனையை முன்வைத்தது. கடல் உயர்ந்து நிலம் விழுங்கப்பட்டால் ஈடுசெய்ய ஒரு காப்புறுதி நிதி வேண்டும். செல்வ நாடுகள் தம் வருமானத்துக்கும், வெளிவிட்ட புகைக்கும் ஏற்பப் பணம் போடவேண்டும். காப்புறுதி என்ற அதே சொல்! ஸ்டிராச்சியின் திட்டத்தில் அடிபட்டவனே வரி கட்டினான். இத்திட்டத்தில் அடித்தவன் கட்டவேண்டும். 1992 இல் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் அந்நிதி இடம்பெறவில்லை.

அதே 1991 ஏப்ரல் மாத இறுதியில் வங்கதேசத்தைப் புயல் தாக்கி, 1,30,000 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே ஆண்களைவிடப் பெண்கள் பன்மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். பஞ்சத்தைத் தாங்கிய பெண்ணுடல் வெள்ளத்தில் ஏன் தோற்றது? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. வீட்டு ஆண் வரும்வரை வெளியேறத் தயங்கினார்கள். புகலிடக் கட்டடங்களில் பெண்களுக்குத் தனியிடம் இல்லை. பின்னர் அந்நாடு புகலிடங்களைப் பெருக்கி, முன்னறிவிப்பை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. 2007 இல் வந்த சிதர் புயலில் மாண்டவர் சில ஆயிரம் பேர். ஆண் பெண் இறப்பு வேற்றுமையும் வெகுவாகக் குறைந்தது. பெண்ணின் சாவை நிர்ணயித்தது உடலன்று, ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை. 2015 இல் பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையில் மனித உரிமையும் ஆண் பெண் சமத்துவமும் இடம்பெற்றதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் இருக்கின்றன.

பணத்தைப் பற்றிய வாக்கு 2009 இல் கோபன்ஹேகனில் கொடுக்கப்பட்டது: 2020 க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர். செல்வ நாடுகளின் கணக்குப்படியே 2022 இல்தான் அத்தொகை எட்டப்பட்டது. அரசுகளின் வழியாக வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடன்; வட்டியோடு திருப்பித் தரவேண்டியது. முன்பே வேறு உதவிக்கென ஒதுக்கிய பணத்தைப் பெயர் மாற்றி இதில் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. தனிப் பெட்டி இல்லாத காப்புறுதியை நாம் முன்னமே ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2024 இல் பாக்கு நகரில், ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் வேண்டும் என்று தேவையிலிருந்து எண்ணின. செல்வ நாடுகள் தம் பணப்பையிலிருந்து எண்ணி, 2035 க்குள் 30,000 கோடி என்றன. அவ்வளவே முடிவாயிற்று. டெம்பிளும் கார்னிஷும் அந்த மண்டபத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்ததாகவே எனக்குத் தோன்றியது.

வனுவாட்டு கேட்டது முற்றிலும் வீண்போகவும் இல்லை. இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் நிதி ஒன்று 2022 இல் எகிப்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023 இல் துபாயில் உருப்பெற்றது. துபாயில் சேர்ந்த வாக்குறுதிகள் 70 கோடி டாலர் அளவினவே. 2025 ஏப்ரலில் அதன் வாரியம் முதற்கட்டமாக 25 கோடி டாலரை ஒதுக்கி, அதைக் கடனாக அன்றி மானியமாகவே தருவதென்றும், பாதியேனும் சிறு தீவுகளுக்கும் மிக ஏழை நாடுகளுக்கும் செல்லவேண்டும் என்றும் விதித்தது.

உங்கள் வயதினர் சிலரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 இல், வனுவாட்டுவில் உள்ள தென்பசிபிக் பல்கலைக்கழகப் பிரிவில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், பருவநிலையைக் காக்கும் கடமை அரசுகளுக்குச் சட்டப்படி உண்டா என்று உலக நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரு யோசனையோடு புறப்பட்டார்கள். அவர்களுடைய அரசாங்கம் அதை ஏற்றது. 2023 மார்ச்சு 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஒருமனதாக அக்கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில், நீதிபதிகள் கருத்து வேறுபாடின்றி, கடமை உண்டு என்றார்கள். அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி குற்றமாகலாம்; விளைந்த தீங்குக்கும் மீறலுக்கும் போதிய காரணத் தொடர்பு காட்டப்பட்டால், இழப்பீடும் கேட்கலாம். தூய்மையான சுற்றுச்சூழல் இன்றி மனித உரிமைகளை நுகர முடியாது என்பதையும் அவர்கள் எழுதினார்கள். அது ஆலோசனைக் கருத்துத்தான். எந்த நாட்டையும் பணம் கட்டு என்று அது ஆணையிடவில்லை. தீர்ப்புரை வாசிக்கப்பட்ட அன்று, அம்மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த சிலரும் தம் தீவுகளிலிருந்து ஹேக் நகருக்கு வந்திருந்தார்கள்.